கையெழுத்துப் போட்டவர்கள்

திருப்பூர், நவம்பர் 2021

அன்புள்ள கண்ணு,

பனியன் தொழிலாளர் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களைத் துரோகி என்று கேட் கூட்டத்தில் பேசினாயாம். கோபப்பட வேண்டிய விஷயம்தான். நாலு வருஷத்துக்கு 32 சதவீத உயர்வு. முதல் வருஷம் 19, அப்புறம் 5, 4, 4. விலைவாசி போகிற போக்கில் கடைசி நாலு எந்த மூலைக்கு? ஆனால் அந்த வார்த்தையை விட்டுவிடு.

1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது ஒரே லைன் வீட்டில் குடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் திருத்தல்வாதி, அதிதீவிரவாதி என்று திட்டிக்கொண்டார்கள். 1970இல் சிஐடியு தனிச் சங்கமாக வந்தது. இன்று ஏஐடியுசி, சிஐடியு, எல்பிஎஃப், ஐஎன்டியுசி எல்லாரும் முதலாளிகள் சங்கத்துக்கு எதிரே ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். பேச்சுவார்த்தையை "முடித்துவிடலாம்" என்பவரும் "முறித்துவிடலாம்" என்பவரும் இப்போது ஒரே சங்கத்துக்குள் இருக்கிறார்கள். முறிக்கச் சொல்லி நீ வெளியே கத்தினால்தான் உள்ளே இருக்கிற தோழருக்கு இன்னும் ஒரு சதவீதம் கூட்டிக் கேட்க வாய் வரும். அது அவருக்கும் தெரியும். உன்னை ஏன் இன்னும் அடக்காமல் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறாய்?

1984 வேலைநிறுத்தத்தைப் பெருமையாகச் சொல்கிறாய். பஞ்சப்படிக்காக 127 நாள் பனியன் கம்பெனிகள் நின்றன. அந்த மாதிரி ஒன்றை இந்த ஊர் அப்புறம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல். ஒரே கூரைக்குள் இருந்த வேலை துண்டு துண்டாக வெளியே போனது. பவர் டேபிள் ஒரு சந்தில், செக்கிங் ஒரு சந்தில், அயர்னிங் இன்னொரு சந்தில். எல்லாம் கான்ட்ராக்ட், பீஸ் ரேட். சங்கம் வைக்க ஒரு கேட் இருந்த இடத்தில் நூறு ஷெட் முளைத்தது. போராட்டம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. முதலாளிகள் பாடம் படித்த வேகத்தில் நாம் படிக்கவில்லை.

அதனால்தான் உங்கள் சண்டை எனக்குச் சலிப்பாக இருக்கிறது. 32 போதும் என்கிறவரும் போதாது என்கிறவரும் பேசுவது கம்பெனி ரிஜிஸ்டரில் பேர் இருக்கிற ஆளைப் பற்றித்தான். ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் ஓட்டிவிட்டு, சனிக்கிழமை கான்ட்ராக்டர் எண்ணிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போகிற ஒடிசாக்காரப் பையனுக்கு 32உம் ஒன்றுதான், 60உம் ஒன்றுதான். அவனுக்கு அந்த ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட நம்மில் எத்தனை பேருக்கு இந்தி வரும்?

இந்த வாரம் ஒரு காரியம் செய். உன் சம்பளச் சீட்டையும், உன் பக்கத்து மெஷினில் உட்காருகிற கான்ட்ராக்ட் ஆளின் பீஸ் கணக்கையும் ஒரே தாளில் எழுது. பழைய ரேட், புது ரேட், கைக்கு வந்தது. நாலைந்து கம்பெனியில் இதே போல் வாங்கிச் சேர்த்தால் 19 எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று தெரிந்துவிடும். அதைக் கையெழுத்துப் போட்ட தோழரிடமே கொடு. அமல்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டிய பொறுப்பு இப்போது அவருக்குத்தான் அதிகம். துரோகி என்று திட்டிவிட்டுப் போய்க் கேட்டால் கதவு திறக்காது.

தாளை எழுதியதும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. பீஸ் கணக்கில் எங்கே பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

உன் மாமா