குறைந்த செலவில் குரற்பதிவு அறை

ஓலையில் எழுதிய சொல் நின்றது. வாயினின்று எழுந்த ஒலியோ எழுந்த கணத்திலேயே மறைந்தது. நம் முன்னோர் காலத்து நிலை இதுவே. 1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், பதிந்த ஒலியை மீண்டும் கேட்பிக்கும் போனோகிராப் என்னும் கருவியைச் செய்த பின்னரே குரலுக்கும் நிலைபேறு உண்டாயிற்று. 1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவிற்கு வந்தார். அவர் பெரும் கூடம் எதனையும் கட்டவில்லை. ஓட்டல் அறையையே பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டு கவுஹர் ஜான் முதலிய பாடகர்களின் குரலைப் பதிந்தார். நம் காலத்திலும், ஏ. ஆர். ரகுமான் தம் கோடம்பாக்கத்து வீட்டை அடுத்து அமைத்துக்கொண்ட பதிவுக்கூடம் பலரும் அறிந்ததே. ஆகவே வீட்டில் அமையும் அறையை இழிவாக எண்ணுதற்கு இடமில்லை.

நிற்க. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நாடு தெருக்கூத்துக்கும், திரௌபதி அம்மன் கோயில்களில் நிகழும் பாரதப் பிரசங்கத்துக்கும் பேர்போனது. கூத்து வாத்தியார்கள் பலர் பாடல்களை ஏட்டில் மட்டும் வைத்திருப்பவரல்லர். மெட்டும் அடவும் விருத்தத்தின் இழுப்பும் அவர்கள் நெஞ்சிலும் தொண்டையிலுமே வாழ்கின்றன. ஒரு முதியவர் மறைந்தால் ஏடு எஞ்சும், பாட்டு எஞ்சாது. நாற்று நடவுப் பாட்டுக்கும், தாலாட்டுக்கும், ஒப்பாரிக்கும் இதுவே கதி. இவற்றைக் காக்க விரும்பும் மாணவர் தம் கையிலுள்ள தொலைபேசியில் பதிவதுண்டு. பின்னர்க் கேட்கும்போது குரலோடு மின்விசிறியும், எதிரொலியும், வீதியின் இரைச்சலும் கலந்து சொல்லே விளங்காமற் போகிறது. அது குறித்தே, சிறிது பொருள் கொண்டு செவ்விய பதிவறை அமைக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, அறை. பதிவு கெடுவதற்குக் கருவியின் குறையே காரணம் என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அறையே காரணம். பாடுவோர் குரல் கருவியை நேரே அடைவதோடு, சுவர், தரை, கூரை ஆகியவற்றில் மோதித் திரும்பியும் அடைகிறது. இத் திரும்பொலி நீடிக்கும் காலத்தை முதன்முதல் அளந்து விதி கண்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ஆம் ஆண்டில் அங்குள்ள விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற முறையீடு எழுந்தது. ஒரு சொல் ஏறக்குறைய ஐந்தரை வினாடி அங்கே ஒலித்துக்கொண்டிருந்தது. சபைன் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலும் கடிகாரமும் கொண்டு இரவில் அளந்தார். மெத்தை மிக மிக ஒலி விரைவில் அடங்கியது. திறந்த சன்னல் ஒலியை முழுதும் போக்கிவிடுவதால், அதன் பரப்பையே அவர் அளவுகோலாகக் கொண்டார்.

அவ்விதியை நம் வீட்டு அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உண்ணும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் காலம் வினாடியில் கிடைக்கும். நீளம் 3.6 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள அறையின் கன அளவு 32.4, ஆறு பக்கங்களின் பரப்பு 61.2 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு ஒலியில் நூற்றுக்கு 3 பங்கே உண்ணுமெனக் கொண்டால், உண்ணும் பரப்பு 1.84, ஒலி அடங்கும் காலம் 2.8 வினாடி. அவ்வறையில் 12 சதுர மீட்டர் அளவுக்குப் பருத்தி மெத்தைகளையும் தடித்த சமுக்காளங்களையும் தொங்கவிட்டு, அவை நூற்றுக்கு 70 பங்கு உண்ணுமெனக் கொள்வோம். உண்ணும் பரப்பு ஏறக்குறைய 9.9 ஆகிறது, காலம் அரை வினாடி அளவுக்குக் குறைகிறது. வீட்டிலுள்ள பழைய மெத்தை செய்யும் உதவி இதனால் விளங்கும்.

மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டுத் தொங்கவிடுதல் நலம். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு மிகக் குறைவு. சிறிது விலகிய இடத்திலேயே அசைவு மிகுதலால், பஞ்சு அங்கே நன்கு பயன்படும். முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் ஒன்றுண்டு. அவை மெல்லிய காகிதக் கூழால் ஆனவை. மேல்தொனியில் சிறிதே உண்டு, குரலின் பெரும்பகுதியை அப்படியே திருப்பிவிடும். அவற்றால் பயன் சிறிது. தீப்பற்றும் அச்சம் பெரிது.

இரண்டாவது, வெளியொலி. மெத்தை உள்ளொலியை அடக்குமேயன்றி வெளியொலியைத் தடுக்காது. கனமான சுவரும் காற்றுப் புகாத கதவுமே அதற்கு வேண்டுவன. விழுப்புரமோ சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைகளின் இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு. திண்டிவனமோ சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையை அடுத்த ஊர். இங்கு வெளியொலியை முற்றும் தடுக்கப் பெரும் பொருள் வேண்டும். பொருளில்லாதார் காலத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். வீதிக்கு எதிர்ப்புறமுள்ள அறையைக் கொள்க; கதவிடுக்கையும் சன்னலிடுக்கையும் துணியால் அடைக்க; மின்விசிறியை நிறுத்துக. மடிக்கணினியை மின்கம்பியினின்று விடுவித்து அதன் மின்கலத்திலேயே இயக்கினால், பதிவிற் கலக்கும் முரலொலியும் பல வேளைகளில் நீங்கும். பதிவுக்கு முன் ஐந்து நிமிடம் கண்ணை மூடி அமர்ந்து கேட்டால், அதுகாறும் அறியாத ஒலிகள் பல தெரியவரும்.

மூன்றாவது, ஒலிவாங்கி. இது பெரும்பாலும் இரு வகைப்படும். கண்டென்சர் வகை நுட்பமானது. பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டுவது. அறையின் குறையையும் தெளிவாகவே காட்டிவிடும். டைனமிக் வகை உறுதியானது. வாயருகே வைத்துப் பாடுதற்கேற்றது. செவ்வையாக அமையாத அறைக்குப் பின்னதே தக்கது. தொலைவு பாதியானால் நேரொலியின் வன்மை நான்கு மடங்காகும்; திரும்பொலியோ ஏறக்குறைய அவ்வளவிலேயே நிற்கும். ஆதலின் ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவில் வைத்தல் நன்று. மிக நெருங்கினால் கீழ்த்தொனி அளவுகடந்து பெருகும். பகரம் முதலிய எழுத்துக்களில் வெளிப்படும் மூச்சு கருவியைத் தாக்காதிருக்க, பூத்தையல் வளையத்தில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டி இடையே நிறுத்துக. இதற்குச் செலவு சில ரூபாயே.

நான்காவது, கணினி. ஒலிவாங்கிக்கும் கணினிக்கும் நடுவே ஆடியோ இன்டர்பேஸ் என்னும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். ஒடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. மனிதர் செவி வினாடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். அதன் இருமடங்குக்குச் சற்று மேலாக மாதிரி எடுத்தால் ஒலி குறைவுறாது பதியும். குறுந்தட்டுக்கு 44,100 என்னும் எண் அமைந்தது இதனாலேயே. கூத்துப் பாடகர் மைதானம் முழுதும் கேட்கப் பாடிப் பழகியவர். எனவே அவர் உச்சத்தில் பாடும்போதும் அளவுமுள் எல்லைக்கு 6 முதல் 12 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்துக்கொள்க. எல்லை கடந்து சிதைந்த ஒலியைச் செவ்வையாக மீட்க வழியில்லை.

பொருள் சிறிதேயுள்ளவர் செலவிட வேண்டிய வரிசை யாதெனின்: முன்னர் அறை, பின்னர் ஒலிவாங்கி, அதன்பின் இன்டர்பேஸ், இறுதியில் செவியை மூடும் தலையணிக் கருவி. இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கடன் வாங்கி விலையுயர்ந்த ஒலிவாங்கியை வெற்றறையில் நிறுத்தினால், எதிரொலியே தெளிவாகப் பதியும்; கடனும் எஞ்சும்.

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். அரசாங்கத்தார் இந்திய மொழி ஆய்வின் பொருட்டு 1913 முதல் 1929 வரை பல மொழியினர் பேச்சை இசைத்தட்டுகளில் பதிந்து வைத்தனர். கெட்ட குமாரன் உவமையைப் பலர் தத்தம் மொழியில் கூறினர். அத் தட்டுகள் பேணப்பட்டமையால் இன்றும் அக்குரல்களைக் கேட்க முடிகிறது. நாமும் பதிந்ததைப் பேணல் வேண்டும். பாடுவோர் பெயர், ஊர், பாட்டின் பெயர், நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே கூறச் செய்க. படிகளை ஓரிடத்தன்றி மூன்றிடத்தில் வைக்க. முதியவரின் இசைவைப் பெற்றே பதிக. அவர் ஒருநாட் கூலியை விட்டு வந்திருப்பாராயின் அதனை ஈடுசெய்க. அப் பதிவினால் பொருள் வருமாயின் அதில் அவருக்கும் பங்குண்டு. கல்வி கற்றோர் கல்லாதார் குரலை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுதல் அறமன்று.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு முதியவரின் பாட்டையேனும் இம்முறையிற் பதிந்து கொணர்வாராயின், நம் கல்லூரி நூலகத்தில் நூல்களோடு குரல்களும் இடம்பெறும்.