குஞ்சு விற்க யாரை அனுப்புவது?

கோழி இனப்பெருக்க நிறுவனத்துக்கு மண்டல விற்பனை மேலாளர் தேவை என்று தெரிந்தால் நாமக்கல், பல்லடம் வட்டாரத்தில் விண்ணப்பத்துக்குப் பஞ்சம் இருக்காது. கால்நடை மருத்துவம் படித்தவர், தீவனமோ மருந்தோ விற்றுப் பழகியவர், பண்ணையிலேயே வளர்ந்து சூப்பர்வைசர் ஆனவர் என மூன்று வகை ஆட்கள் வருவார்கள். வணிக மேலாண்மைப் பட்டத்தோடு மட்டும் வருகிறவர்களும் உண்டு. கொட்டகைக்குள் கால் வைக்காதவரிடம் ஒரு மண்டலத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே அவர்களைப் பற்றி என் கருத்து.

மற்ற மூவரில் ஒருவரைப் பொறுக்குவதற்கு முன், அவர் விற்கப்போவது எந்த அடுக்குக் குஞ்சு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கோழித் தொழிலில் உச்சியில் தூய வம்சங்கள் இருக்கின்றன. பிராய்லரில் ராஸ், காப், முட்டைக்கோழியில் ஹைலைன், லோமன், போவன்ஸ், நம் நாட்டில் வெங்கடேஸ்வராவின் பிவி-300 என இவற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதற்குக் கீழே பாட்டிக்கோழி, அதற்கும் கீழே தாய்க்கோழி. கடைசியில்தான் பண்ணையாளர் வாங்கும் குஞ்சு வருகிறது. அடுக்குக்கு அடுக்கு வாடிக்கையாளர் வேறு, அவர் கேட்கும் கேள்வியும் வேறு.

தாய்க்கோழிக் குஞ்சு விற்கிறீர்கள் என்றால், தயங்காமல் கால்நடை மருத்துவரை எடுங்கள். இன்று இறக்கும் பிராய்லர் தாய்க்குஞ்சு முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய 25 வாரம் ஆகும். முட்டை பொரிய 21 நாள், பொரிந்த குஞ்சு எடைக்கு வர ஆறு வாரம். இன்று செய்த விற்பனை கறிக்கடைக்கு வந்து சேர எட்டு மாதம் பிடிக்கிறது. அந்தத் தாய் 60 வாரத்தைத் தாண்டியும் முட்டையிடும். அத்தனை காலமும் ஹேச்சரிக்காரர் உங்கள் ஆளைத்தான் கூப்பிடுவார். எடை அட்டவணைக்கு மேலே போகிறது, தீவனத்தை எவ்வளவு பிடிக்கலாம்? 45 வாரத்தில் கருக்கூடல் ஏன் இறங்குகிறது, சேவலை மாற்றலாமா? இதற்கெல்லாம் அங்கேயே நின்று பதில் சொல்ல வேண்டும். மைக்கோபிளாஸ்மாவும் புல்லோரம் சால்மோனெல்லாவும் தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்குப் போகிற கிருமிகள். ஒரு தாய் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைத் தருகிறது. தாய்ப்பண்ணையில் நுழைந்த கிருமி எத்தனை ஊர் கொட்டகைகளுக்குப் போய்ச் சேரும் என்று எண்ணிப்பாருங்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கத் தெரியாதவர் அங்கே நிற்கவே முடியாது.

மருத்துவரிடம் ஒரு குறை உண்டு. “டாக்டர், ஒரு எட்டு நம்ம பண்ணைக்கும் வந்துட்டுப் போங்க” என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வைத்தியம் பார்ப்பார். பாக்கியைக் கேட்க மட்டும் கூச்சப்படுவார். வசூலுக்குத் தனி ஆள் கொடுத்துவிட்டால் இது தீரும்.

பிராய்லர் குஞ்சில் நிலைமை வேறு. உடுமலைப்பேட்டையில் சுகுணா நிறுவனம் தொடங்கிவைத்த ஒப்பந்த வளர்ப்பு பரவிய பிறகு, பெரிய நிறுவனங்கள் தங்கள் குஞ்சைத் தாங்களே பொரித்துக்கொள்கின்றன. வெளியே வாங்குகிறவர்கள் சொந்தப் பணத்தில் குஞ்சு விடும் பண்ணையாளர்களும் சிறு நிறுவனங்களும். இங்கே யார் தவணை தவறாதவர், யார் மூன்று கம்பெனியில் பாக்கி வைத்தவர் என்பது தெரிய வேண்டும். தீவனம் விற்றவருக்கு அது மனப்பாடம்.

ஆனால் அவருடைய சம்பளத்தை எப்படி அமைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. குஞ்சுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தால், ஆடிப்பெருக்கு சமயத்திலும் கொட்டகை நிறைய விடச் சொல்வார். அந்தக் குஞ்சு இரண்டு கிலோவைத் தாண்டும்போது புரட்டாசி பிறக்கும் நேரமாகிவிடும், கறி வாங்க ஆள் குறைந்துவிடும். கார்த்திகையில் மாலை போடும் காலத்திலும் இதே கதைதான். நட்டப்பட்ட பண்ணையாளர் அடுத்த பேட்சுக்கு உங்களிடம் வரமாட்டார். “இந்த முறை பாதி விடுங்கண்ணா” என்று சொல்கிற ஆளுக்குச் சம்பளம் குறையாதபடி, ஆண்டு முழுவதும் தொடர்ந்து வாங்கிய வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை வையுங்கள்.

நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கு, பண்ணையிலேயே வளர்ந்தவர்தான் என் தேர்வு. முட்டைக்கோழி ஒன்றரை வருடம் கூண்டில் நிற்கும் சரக்கு. இன்னொரு பண்ணைக்காரர் சொல்வதை நம்பித்தான் இங்கே இனம் மாற்றுவார்கள். மண்டலத்தில் ஆந்திராவும் தெலங்கானாவும் சேர்ந்திருந்தால் தெலுங்கு பேசத் தெரிந்தவராகவும் இருக்கட்டும்.

நேர்காணலை அலுவலக அறையோடு முடிக்காதீர்கள். நான்கு நாள் குஞ்சு இருக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போய், “இறப்பு அதிகம், குஞ்சு சரியில்லை என்கிறார் பண்ணையாளர், என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். உடனே விலையில் தள்ளுபடி பேசுகிறவரை விட்டுவிடலாம். நல்ல ஆள் முதலில் குஞ்சைக் கையிலெடுத்துப் புரட்டித் தொப்புளைப் பார்ப்பார். மூடாமல் கறுத்திருந்தால் ஹேச்சரிப் பக்கம் சந்தேகம். செத்ததை அறுத்து, மஞ்சள்கரு கரையாமல் நாற்றமடிக்கிறதா என்று பார்ப்பார். தொப்புள் சுத்தமாக இருந்தால் தரையில் பரப்பிய நார்க்கழிவில் கை வைத்துச் சூட்டைப் பார்ப்பார், தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்ப்பார், தீவனப்பை நிரம்பியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தவறு நம்முடையது என்றால் அதைப் பண்ணையாளரிடமே ஒப்புக்கொள்கிற தைரியமும் வேண்டும்.

இன்னொரு கேள்வி: ஒரே நாளில் தாய்ப்பண்ணை, இளங்குஞ்சுப் பண்ணை, நோய் கண்ட பண்ணை மூன்றுக்கும் அழைப்பு வந்தால் எந்த வரிசையில் போவீர்கள்? விற்பனை ஆளின் செருப்பும் காரின் டயரும் நோயைச் சுமக்கும். நோய் கண்ட பண்ணையைக் கடைசியில் வைத்து, அதன் பிறகு குளித்து உடை மாற்றி, இரண்டு மூன்று நாள் எந்தத் தாய்ப்பண்ணைக்கும் போகமாட்டேன் என்று சொல்பவர், மூன்று வகையில் எதைச் சேர்ந்தவராக இருந்தாலும், அவருக்கு அன்றே வேலைக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம்.