யார் காசில் படிப்பு? – நியூயார்க் நகரம் நடத்திய கல்லூரியின் கதை



இந்த மாத இதழில் எனக்கு மூணு சார்ட் இடம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்து போகப் போகச் சின்னதாகும், கொஞ்சம் கிட்ட வந்து படிச்சிக்குங்க.

முதலில், இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் வகுப்பில் ஒரு விவாதம். "காலேஜ் படிப்பை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கலாமா?" என்று வரலாறு டீச்சர் கேட்டார். என் பெஞ்சுத் தோழி எழுந்து, "கூடாது டீச்சர். சும்மா கிடைச்சா அதோட அருமை தெரியாது. காசு கட்டினாத்தான் ஒழுங்கா படிப்பாங்க" என்றாள். பாதி வகுப்பு கை தட்டியது. நான் தட்டவில்லை. எங்க அக்கா ஞாபகம் வந்தது.

அக்கா ப்ளஸ் டூவில் 600-க்கு 512. ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாவது செமஸ்டர் கட்டணம் கட்ட முடியவில்லை, ஹால் டிக்கெட் தரவில்லை, நின்றுவிட்டாள். இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அவளுக்கா படிப்போட அருமை தெரியாது? ஆனால் எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீச்சர், "கோபப்படுறதை விட்டுட்டு, உண்மையில் எங்கேயாவது இலவசமாக் கொடுத்துப் பார்த்திருக்காங்களா, என்ன ஆச்சுன்னு தேடி எழுது" என்றார். தேடினேன். கிடைத்தது அமெரிக்காவில், நியூயார்க்கில்!

1. பள்ளியைப் பாதியில் விட்டவர் தொடங்கிய கல்லூரி

டவுன்சென்ட் ஹாரிஸ் ஒரு வியாபாரி. பீங்கான் பாத்திர வியாபாரம். 13 வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர். 1846-இல் அவர் நியூயார்க் நகரக் கல்வி வாரியத்தின் தலைவர் ஆனார். நகரத்தின் செலவிலேயே ஒரு உயர்கல்விக் கூடம் வேண்டும், பணக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் அதில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது அவர் வாதம்.

எதிர்ப்பும் இருந்தது. "தச்சர் மகனுக்கும் கொத்தனார் மகனுக்கும் காலேஜ் எதுக்கு? அதுக்கு எங்க வரிப்பணமா?" என்கிற மாதிரிதான். அதனால் 1847 ஜூனில் நகர மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரவு 19 ஆயிரத்துக்கும் மேல், எதிர்ப்பு மூவாயிரத்துச் சொச்சம்தான்! காலேஜ் வேண்டுமா வேண்டாமா என்று ஊரே ஓட்டுப் போட்டுத் தொடங்கிய கல்லூரி இது.

பெயர் 'ஃப்ரீ அகாடமி', அதாவது இலவசக் கல்விக்கூடம். 1849 ஜனவரியில் திறந்தது. முதல் தலைவர் ஹோரஸ் வெப்ஸ்டர். எல்லா மக்களின் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி கொடுக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை இது என்று அவர் திறப்பு விழாவில் பேசினார். சோதனை என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. முடிவு தெரியாமல்தானே சோதனை செய்வோம்?

1866-இல் பெயர் 'நியூயார்க் நகரக் கல்லூரி' என்று மாறியது. எல்லோரும் 'சிட்டி காலேஜ்' என்றார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்காக 1870-இல் ஆசிரியர் பயிற்சிக்கென்று தனியாக ஒரு இலவசக் கல்லூரி தொடங்கினார்கள். அதுதான் 1914-இல் 'ஹன்டர் காலேஜ்' ஆனது. சிட்டி காலேஜின் கலைப் பிரிவு பெண்களுக்கு முழுதாகத் திறந்தது 1951-இல்தான். 'எல்லா மக்களின் பிள்ளைகள்' என்று சொல்லி நூறு வருஷம் கழித்து!

2. ஐந்து சென்ட் டிக்கெட்டில் வந்தவர்கள்

1880-களுக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் கூட்டம் கூட்டமாக நியூயார்க்குக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் தையல் வேலை, சின்னக் கடை, ஒண்டுக் குடித்தனம். பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் 1920-களில் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தன. ஆக, பணமும் இல்லை, இருந்தாலும் இடமில்லை. அவர்களுக்குத் திறந்திருந்தது சிட்டி காலேஜ்தான். சுரங்க ரயிலில் 5 சென்ட் கொடுத்து வருவார்கள், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த 5 சென்ட் கட்டணம் 1904 முதல் 1948 வரை ஏறவே இல்லை. சிட்டி காலேஜை 'ஏழைகளின் ஹார்வர்டு' என்றார்கள்.

அப்படிப் படித்தவர்களில் மூன்று பேரை மட்டும் சொல்கிறேன்.

(அ) ஜோனஸ் சால்க். அப்பா துணி தைக்கும் தொழிலில் இருந்தவர். 15 வயதில் காலேஜில் சேர்ந்து 1934-இல் பட்டம் வாங்கினார். போலியோவுக்கு முதல் தடுப்பூசி கண்டுபிடித்தவர் இவர்தான். அது பலிக்கிறது என்று 1955-இல் அறிவித்தார்கள். நாம் குடித்த சொட்டு மருந்து வேறொருவர் கண்டுபிடித்தது. ஆனால் குழந்தைகளுக்கு இப்போது போடும் போலியோ ஊசி, சால்க் காட்டிய வழியில் வந்தது.

(ஆ) கெர்ட்ரூட் எலியன். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் அப்பாவின் பணமெல்லாம் போய்விட்டது. 15 வயதில் தாத்தா புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து, அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஹன்டர் காலேஜ் இலவசம் என்பதால் சேர முடிந்தது, 1937-இல் பட்டம். பெண் என்பதால் ஆய்வுக்கூடங்களில் வேலை கிடைக்கவில்லை. விடவில்லை! பின்னாளில் ரத்தப் புற்றுநோய் மருந்தை உருவாக்கினார். 1988-இல் நோபல் பரிசு.

(இ) ஆண்ட்ரூ குரோவ். ஹங்கேரியிலிருந்து அகதியாக 1957-இல் வந்தவர். 1960-இல் சிட்டி காலேஜில் வேதிப் பொறியியல் பட்டம். பிறகு 'இன்டெல்' கம்பெனியின் தலைவர் ஆனார். நம்ம லேப் கம்ப்யூட்டர் மேல ஒட்டியிருக்குமே, அதே இன்டெல்! 2005-இல் தான் படித்த கல்லூரிக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார்.

சும்மா கிடைச்சதோட அருமை இவர்களுக்குத் தெரியாமலா போச்சு?

---
உங்களுக்குத் தெரியுமா?
★ சிட்டி காலேஜில் மட்டும் படித்த பத்துப் பேர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள்.
★ ஹன்டர் காலேஜ் மாணவிகள் இருவர் மருத்துவ நோபல் பெற்றார்கள்: ரோசலின் யாலோ (1977), கெர்ட்ரூட் எலியன் (1988).
★ கல்லூரியைத் தொடங்கிய டவுன்சென்ட் ஹாரிஸ்தான், 1856-இல் ஜப்பானுக்குப் போன முதல் அமெரிக்கத் தூதர்.
---

3. ஒரு கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்தது

ஊர் பெருத்தது, இடம் போதவில்லை. 1930-இல் புரூக்ளின் காலேஜ், 1937-இல் குயின்ஸ் காலேஜ் என்று வரிசையாக வந்தன. 1961-இல் எல்லாவற்றையும் சேர்த்து 'சிட்டி யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க்' என்று ஒரே பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். சுருக்கமாக 'க்யூனி'.

இதுவரை எழுதியதை டீச்சரிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இலவசம் சரி. யார் வேணும்னாலும் சேர முடிஞ்சுதா?"

முடியவில்லை! மறுபடி தேடிப் பார்த்ததில்தான் எனக்கே புரிந்தது. ஒரு கல்லூரிக்கு இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று கட்டணக் கதவு, இன்னொன்று மார்க் கதவு. க்யூனியில் கட்டணக் கதவு திறந்தே இருந்தது. மார்க் கதவு வர வர ஒடுங்கிப் போனது. சேர விரும்பியவர்கள் ஏராளம், இடம் கொஞ்சம். ஆகவே நல்ல பள்ளியில் படித்தவர்களே நுழைந்தார்கள். சிட்டி காலேஜ் இருப்பது ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்கள் நிறைய வாழும் இடம். ஆனால் உள்ளே கறுப்பின மாணவர்கள் மிகக் குறைவு. காலேஜ் வாசலிலேயே வீடு, உள்ளே போக வழியில்லை.

1969 ஏப்ரலில் கறுப்பின மாணவர்களும் புவெர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் கல்லூரியின் தெற்கு வளாகத்தைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். நகரத்துப் பள்ளிகளில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேரோ, அந்த விகிதத்தில் காலேஜிலும் இடம் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. இரண்டு வாரம் நீடித்தது. அதன் பலனாக 1970-இலிருந்து, நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த யாருக்கும் க்யூனியின் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உறுதி என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் சுமார் 35 ஆயிரம் பேர். முந்தைய ஆண்டைவிட முக்கால் பங்கு அதிகம்!

இதில் சிரமமும் இருந்தது, மறைக்கக் கூடாது. பள்ளியில் சரியாகச் சொல்லித்தராததால் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தடுமாறியவர்கள் நிறைய. அவர்களுக்கு அடிப்படை வகுப்புகள் தனியாக நடத்த வேண்டியிருந்தது. "தரம் போச்சு" என்று ஒரு கட்சி, "இப்பத்தான் இது உண்மையிலேயே மக்கள் கல்லூரி" என்று இன்னொரு கட்சி. முப்பது வருஷம் இந்தச் சண்டை ஓடியது. கடைசியில் 1999-இல், நான்கு ஆண்டுப் பட்டக் கல்லூரிகளில் அந்த அடிப்படை வகுப்புகளை நிறுத்த முடிவெடுத்தார்கள்.

4. 1976 – கதவு சாத்திய வருஷம்

1975-இல் நியூயார்க் நகரமே கடனில் மூழ்கியது. நகராட்சிக்குக் கடன் தர ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சுரங்க ரயில் கட்டணம் 35 சென்டிலிருந்து 50 ஆனது. 1976-இல் சம்பளம் கொடுக்கக்கூடக் காசில்லாமல் பல்கலைக்கழகத்தையே இரண்டு வாரம் மூடினார்கள்! அந்த ஆண்டுதான் முதன்முறையாகக் கட்டணம் விதித்தார்கள். 1847-இல் மக்கள் ஓட்டுப் போட்டதிலிருந்து எண்ணினால் 129 வருஷ இலவசம் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை பல்லாயிரக்கணக்கில் சரிந்தது.

வருஷங்களை மட்டும் கவனியுங்கள். மார்க் கதவு திறந்தது 1970. கட்டணக் கதவு சாத்தியது 1976. கறுப்பினப் பிள்ளைகள் பெருமளவில் உள்ளே வந்து ஆறே வருஷம். இது தற்செயலா என்று அங்கே பலர் இன்றும் கேட்கிறார்கள். நகரத்திடம் காசில்லை என்பது நிஜம். 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்திலும் காசில்லைதான், அப்போது இலவசத்தை நிறுத்தவில்லை என்பதும் நிஜம்.

எல்லாமே தோல்வி இல்லை. சவுத் பிராங்ஸ் என்ற ஏழைப் பகுதியில் ஹோஸ்டோஸ் என்று ஒரு சின்னக் கல்லூரி. செலவைக் குறைக்க 1976-இல் அதை மூடப் பார்த்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர் மக்களும் சேர்ந்து போராடிக் காப்பாற்றினார்கள். இன்றும் நடக்கிறது.

அதன் பிறகு, பட்டக் கல்லூரிகளின் செலவை நியூயார்க் மாநில அரசு ஏற்றுக்கொண்டது. இரண்டாண்டுப் படிப்புக்கான சமுதாயக் கல்லூரிகளுக்கு இன்றும் நகரம் பணம் தருகிறது. இப்போது க்யூனியில் சுமார் 25 கல்லூரிகள், இரண்டு லட்சத்துக்கும் மேல் மாணவர்கள். பட்டக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 7 ஆயிரம் டாலர். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உதவித்தொகையே அதை ஈடுகட்டிவிடுகிறது.

5. மூன்றாவது கதவு – பஸ் டிக்கெட்!

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 2007-இல் க்யூனியின் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு புதுத் திட்டம் தொடங்கினார்கள். கட்டணத்தில் உதவித்தொகை போக மீதி, பாடப்புத்தகம், பஸ் – ரயில் பாஸ், அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் ஒரு ஆலோசகர், இத்தனையும் தருவார்கள். பதிலுக்கு மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். இது பலிக்கிறதா என்று, குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூன்று வருஷத்தில் படிப்பை முடித்தவர்கள், திட்டத்தில் இல்லாத குழுவில் 100-க்கு 22 பேர். திட்டத்தில் இருந்த குழுவில் 40 பேர்!

பஸ் பாஸில் என்ன இருக்கு என்று நினைப்போம். பஸ்ஸுக்குக் காசில்லாத ஒரு நாள் வகுப்பு போகும், அப்புறம் ஒரு வாரம் போகும், அப்புறம் ஆளே வரமாட்டார். நம் ஊர் இலவச பஸ் பாஸை நான் இனிமேல் சாதாரணமாக நினைக்க மாட்டேன்.

இன்னொன்று. டில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி, தன் குழுவோடு 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அடித்தட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, மேல்தட்டு வருமானத்துக்கு அதிகமாக ஏற்றிவிடும் அமெரிக்கக் கல்லூரிகள் எவை என்று கணக்கிட்டார்கள். க்யூனி முதல் பத்துக்குள் வந்தது.

முடிவாக

என் தோழி சொன்னதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கோபமில்லை, அவளுக்கும் இந்தத் தாளைக் காட்டிவிட்டேன். இலவசமாகப் படித்தவர்களுக்கு அருமை தெரிந்தது என்பதற்கு 129 வருஷம் சாட்சி. ஆனால் நான் நினைத்ததும் பாதிதான் சரி. கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பள்ளிக்கூடம் நன்றாக இருக்க வேண்டும், இடங்கள் போதுமான அளவு இருக்க வேண்டும், போய்வர வழி வேண்டும். இலவசம் என்றாலும் யாரோ ஒருவர் காசு கட்டத்தான் செய்கிறார். 1847-இல் அந்த ஊர்க்காரர்கள், "நாங்கள் கட்டுகிறோம்" என்று ஓட்டுப் போட்டார்கள். அதில் பலருக்குக் காலேஜ் போகும் வயதில் பிள்ளைகூட இருந்திருக்காது.

தாளைப் படித்த தோழி, "அப்ப உங்க அக்கா இப்ப என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். அக்கா இந்த வருஷம் அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். முதல் கட்டக் கலந்தாய்வில் இடம் வரவில்லை. இரண்டாம் கட்டத்துக்காக, கடையில் லீவு சொல்லி வைத்திருக்கிறாள்.

யோசித்துப் பாருங்கள்: நம் ஊரில் இப்படி ஒரு வாக்கெடுப்பு வைத்தால் உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் ஓட்டு விழும்? ஏன்? பதிலை ஒரு தாளில் எழுதி, சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். நல்ல பதில்களை அடுத்த மாதம் இதே இடத்தில் ஒட்டுவோம்.



– 12-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி