இலைக்குள் கரியமில வாயு செல்லும் வழி



சடையங்குப்பம், மணலி, மீஞ்சூர் வட்டாரத்தில் பயிர் வளர்ச்சி குன்றினால் உடனே யூரியா இடுவது வழக்கம். உண்மையில் பயிருக்குத் தழைச்சத்துதானா குறை? இலைக்குள் கரியமில வாயு செல்லும் வழி அடைபட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வாயு செல்லும் பாதை

காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கே கரியமில வாயு. அது இலைத்துளை வழியே உள்ளே நுழைந்து, செல்களுக்கு இடையேயுள்ள காற்றறைகளை அடைகிறது. பின் செல்சுவரின் ஈரத்தில் கரைந்து, பச்சையமுள்ள கணிகங்களுக்குச் சென்று மாவுச்சத்தாக மாறுகிறது. காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் இவ்வாயு பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே கடைசிச் சிறு தூரமே கடினமான தூரம். மக்காச்சோளம், கரும்பு, தண்டுக்கீரை ஆகியவை இவ்வாயுவை உள்ளே செறிவாக்கிக்கொள்ளும். நெல்லுக்கும் கத்தரிக்கும் அந்தத் திறன் இல்லை.

வழியை அடைப்பவை

ஒன்று, சாம்பலும் தூசும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் நிலக்கரியில் இயங்குகிறது. இலைமேல் படியும் சாம்பல் வெயிலை மறைக்கிறது, துளைகளையும் அடைக்கிறது.

இரண்டு, உவர்நீர். மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960-களின் இறுதியிலேயே அறியப்பட்டது. உப்பு மிகுந்தால் வேர் நீரை எடுக்கத் திணறும். நீரிழப்பைத் தடுக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். இலையின் உட்பாதையும் குறுகும். இந்நிலையில் இடும் யூரியா பெரும்பாலும் வீணே.

செய்ய வேண்டியவை

1. உரம் இடுமுன் மண்ணையும் பாசன நீரையும் பரிசோதியுங்கள். திருவள்ளூர் மாவட்டம் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.
2. நெல் வயல் மண்ணின் செறிநிலைச் சாற்றில் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அங்கு உவர் தாங்கும் இரகங்களைத் தேர்ந்தெடுங்கள்.
3. வடகிழக்குப் பருவமழை நீரை வரப்பு கட்டித் தேக்கி, பின் வடித்துவிடுங்கள். உப்பு கரைந்து வெளியேறும். வடிகால் இல்லாவிடில் பயனில்லை.
4. களர்த்தன்மை உள்ளதாகப் பரிசோதனை காட்டினால் மட்டுமே ஜிப்சம் இடுங்கள்.
5. தூசு படிந்த காய்கறி, கீரைப் பாத்திகளில் அதிகாலையில் நல்ல நீரைத் தெளித்து இலைகளைக் கழுவுங்கள். உவர்நீரைத் தெளித்தால் இலை கருகும். மாலையில் நனைத்தால் இரவெல்லாம் ஈரம் தங்கி நோய்க்கு இடமாகும்.
6. கத்தரி போன்ற அகன்ற இலைப் பயிர்களில் அடிப்புறத்தில் துளைகள் அதிகம். நெல்லில் இருபுறமும் உண்டு. ஆகவே இலையின் அடிப்புறத்தையும் நன்கு கழுவுங்கள்.

இலை மூச்சு விட்டால்தான் இட்ட உரம் மணியாகும். வழியைத் திறந்துவிட்டுப் பின் உரமிடுவீர். செலவு குறைந்து விளைச்சல் பெருகும்.