டீசல் ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டர் பாட்டரியைப் பரீக்ஷித்தலும் பாதுகாத்தலும்

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயலினால் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய ஜில்லாக்களில் எண்ணிறந்த மின்சாரக் கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு நாட்கணக்கிலும், சிலவற்றிற்கு வாரக்கணக்கிலும் மின்சாரம் கிடைக்கவில்லை. குடிதண்ணீர்த் தொட்டிகளுக்கு ஜலம் ஏற்றுவதற்குங்கூட டீசல் ஜெனரேட்டர்களையே நம்ப வேண்டியதாயிற்று. ஜெனரேட்டரின் அருமை இத்தகைய காலத்திலேதான் விளங்கும். அதன் குறையும் அப்பொழுதுதான் வெளிப்படும்.

ஒரு கிராமத்துப் பால் சங்கத்தில் சாயங்காலக் கறவைப் பால் குளிர்விக்கும் தொட்டியில் நிறைந்திருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் நின்றுவிடுகிறது. ஜெனரேட்டரில் டீசல் உண்டு, எண்ணெய் உண்டு, எஞ்சினிலும் பழுதில்லை. ஆயினும் பொத்தானை அழுத்தினால் "டக்" என்ற ஓசையோடு நின்றுவிடுகிறது. பட்டணத்திலிருந்து மெக்கானிக்கு வந்து சேருமுன் அவ்வளவு பாலும் புளித்துத் திரிந்துபோகும். இந்நஷ்டத்திற்குக் காரணம் பெரும்பாலும் யாதெனில், மாதம் அரைமணி நேரம் கவனியாது விடப்பட்ட பாட்டரியேயாம். மழையும் புயலும் நிறைந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வருமுன் இதனைச் சீர்செய்துகொள்ளுதல் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாதது.

பாட்டரியின் அமைப்பு

ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி மின்சாரத்தைச் சேமிக்கும் முறையை 1859-ல் பிரான்ஸ் தேசத்து காஸ்தோன் பிளான்தே என்பவர் கண்டுபிடித்தார். இன்றைய ஸ்டார்ட்டர் பாட்டரியும் அதே தத்துவத்தில் அமைந்ததே. 12 வோல்ட் பாட்டரியில் சுமார் 2 வோல்ட் வீதம் தரும் 6 அறைகள் உள்ளன. பாட்டரி மின்சாரத்தைக் கொடுக்குங்கால் திராவகத்திலுள்ள கந்தகப் பகுதி தகடுகளில் உப்பாகப் படிகின்றது, திராவகம் நீர்த்துப்போகின்றது. மறுபடி மின்சாரத்தை ஏற்றினால் அவ்வுப்புக் கரைந்து திராவகம் பழைய வலிமையை அடைகின்றது. ஆனால் மின்சாரம் இறங்கிய நிலையில் வாரக்கணக்காக விட்டுவைத்தால் அவ்வுப்புக் கெட்டிப்பட்டுப் பின்னர் எளிதில் கரையாது. பாட்டரிகள் ஆயுள் முடியுமுன் கெடுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

ஓடாத ஜெனரேட்டரில் பாட்டரி தீர்ந்துபோவது எவ்வாறு?

எஞ்சினை ஒருமுறை கிளப்புவதற்கு 200 ஆம்பியர் வீதம் 5 விநாடி செலவாகுமாயின் மொத்தம் 0.3 ஆம்பியர்-மணி கூட ஆகாது. ஆனால் எந்நேரமும் விழித்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி 100 மில்லியாம்பியர் மாத்திரமே இழுத்தாலும் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணியும், 30 நாளைக்கு 72 ஆம்பியர்-மணியும் செலவாகும். 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் மீதி நிற்பது கொஞ்சமே. இதனோடு பாட்டரி தனக்குள்ளேயே இழக்கும் மின்சாரமும் சேரும். வெயில் காலத்தில் அவ்விழப்பு இன்னும் அதிகம். ஆதலால் "ஓட்டவேயில்லை, எப்படித் தீரும்?" என்று எண்ணுதல் தவறு. ஓட்டாததனாலேயே தீர்ந்தது என்பதே உண்மை.

வேலை தொடங்குமுன் எச்சரிக்கை

மின்சாரம் நின்றவுடன் தானே கிளம்பும் ஜெனரேட்டராயின் முதலில் அதன் சுவிட்சை நிறுத்தத்தில் வைத்தல் வேண்டும். மின்சாரம் ஏறுங்கால் பாட்டரியினின்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். ஆகவே பீடி, சுருட்டு, தீக்குச்சி, விளக்கு எதுவும் அருகில் ஆகாது. அறையின் கதவு, ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். கையிலுள்ள மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிட்டு, கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிவது நலம். திராவகம் கண்ணில் பட்டால் உடனே சுத்த ஜலத்தினால் கால்மணி நேரம் இடைவிடாது கழுவி வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

மாதாந்தரப் பரீக்ஷை

1. முனைகள்: முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கேபிள்களைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது கழித்தல் குறியுள்ள ருண முனையை முதலிலும், கூட்டல் குறியுள்ள தன முனையைப் பின்னும் கழற்றுக. பூட்டும்போது தன முனை முதலில், ருண முனை கடைசியில். ஸ்பானர் எஞ்சினின் உடலில் தவறிப்பட்டுப் பொறி பறவாமலிருக்கவே இம்முறை. சமையல் சோடாவை ஜலத்தில் கரைத்து, மூடிகள் இறுகியிருக்கும்போது, கரைசல் அறைகளுக்குள் இறங்காவண்ணம் கழுவித் துடைத்து, இறுகப் பூட்டியபின் வாஸலின் தடவுக.

2. திராவக மட்டம்: தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை திராவகம் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த ஜலம் மாத்திரமே சேர்க்கலாம். கிணற்று ஜலத்திலும் குழாய் ஜலத்திலும் உள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். திராவகம் சேர்த்தால் வலிமை கூடுமென்று சிலர் கருதுவர். அது பெரும் பிழை. ஆவியாகிப் போனது ஜலமேயன்றித் திராவகமன்று. தகடு வெளியே தெரிந்தால் அது முழுகுமளவு மட்டும் ஊற்றி, மின்சாரம் ஏற்றியபின் மீதியை நிரப்புக.

3. திராவக வலிமை: இதனை ஹைட்ரோமீட்டரால் அறிதல் வேண்டும். ஜலம் சேர்த்தவுடன் பார்க்கலாகாது, இரண்டும் கலவாதிருக்கும். 27 டிகிரி உஷ்ணத்தில் 1.260 முதல் 1.280 வரை காட்டினால் முழு நிறைவு; 1.225 காட்டினால் முக்கால், 1.190 காட்டினால் அரை, 1.120 காட்டினால் வெறுமை. உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் காட்டும் அளவோடு 0.007 கூட்டிக்கொள்க. ஆறு அறைகளில் ஒன்று மற்றவற்றினும் 0.050 குறைவாயிருந்தால் அவ்வறை பழுதடைந்ததென்று கொள்ளலாம்.

4. வோல்ட்: சார்ஜரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்டுக்கு மேல் இருத்தல் வேண்டும். 12.4-க்குக் கீழிறங்கினால் தாமதியாது மின்சாரம் ஏற்றுக. திறக்கவொண்ணாதபடி மூடிய பாட்டரிகளுக்கு இப்பரீக்ஷையும் அடுத்த பரீக்ஷையுமே வழி.

5. சுமைப் பரீக்ஷை: எஞ்சின் கிளம்பாவண்ணம் நிறுத்தும் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றி, பாட்டரி முனைகளில் வோல்டைப் பார்க்க வேண்டும். ஒரே தடவையில் 10 விநாடிக்கு மேல் சுழற்றலாகாது. 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரி பலவீனமானது. வோல்ட் நன்றாக நின்றும் எஞ்சின் மந்தமாகச் சுழன்றால் குற்றம் பாட்டரியினுடையதன்று. மீட்டரின் ஒரு கம்பியைப் பாட்டரி முனையிலும் மற்றொன்றை அதனைக் கவ்வும் கேபிள் பூட்டிலும் வைத்துச் சுழற்றினால், அரை வோல்ட் காட்டுமிடத்தில் அழுக்கோ தளர்ச்சியோ உண்டு. இவ்வொரு பரீக்ஷையைச் செய்யாமையால் நல்ல பாட்டரியைத் தள்ளிப் புதிது வாங்குவோர் பலர்.

மின்சாரம் ஏற்றுதல்

மேற்கண்ட பரீக்ஷைகள் முடிந்தபின் மாதம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஜெனரேட்டரைப் பம்பு முதலிய சுமையோடு ஓட்டுக. ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காணப்பட வேண்டும். குறைந்தால் பெல்ட் தளர்ச்சியையும், மிகுந்தால் ரெகுலேட்டரையும் சோதிக்க. மிகுந்த வோல்ட் ஜலத்தைக் கொதித்தோடச் செய்து தகடுகளை அரித்துவிடும். ஏற்கெனவே இறங்கிப்போன பாட்டரி அரைமணி ஓட்டத்தில் நிறையாது. அதற்குத் தனிச் சார்ஜர் வேண்டும். எப்பொழுதும் தயாராக நிற்க வேண்டிய ஜெனரேட்டருக்குச் சுமார் 13.5 வோல்டில் நிலைத்து நிற்கும் தானியங்கிச் சார்ஜரை அமைப்பதே உத்தமம். வேலை முடிந்ததும் ஜெனரேட்டரின் சுவிட்சைத் திரும்பவும் பழைய நிலையில் வைக்க மறக்கலாகாது.

பழைய பாட்டரி

ஈயம் விஷம். பழைய பாட்டரியை வயல் வரப்பிலோ கிணற்றருகிலோ உடைத்துத் திராவகத்தைக் கொட்டினால் மண்ணும் ஜலமும் கெடும். கால்நடைகளுக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு நேரும். 2022-ஆம் வருஷத்திய பாட்டரிக் கழிவு நிர்வாக விதிகளும் அவற்றைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன. புதிது வாங்கும்போதே பழையதைக் கடையில் ஒப்படைத்துவிடுக.

முடிவாக, ஜெனரேட்டர் அறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டு, பிரதி மாதமும் தேதி, வோல்ட், ஆறு அறைகளின் அளவு, ஊற்றிய ஜலம் ஆகியவற்றை எழுதிவருக. மூன்று மாதக் கணக்கை ஒப்பிட்டால் எவ்வறை தளர்கிறதென்பது கெடுமுன்னரே புலப்படும். ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு வோல்ட்மீட்டர், ஒரு புட்டி வடித்த ஜலம் இம்மூன்றும், மாதம் அரைமணி நேர உழைப்புமே இதற்கு வேண்டுவன. புயலிரவில் பொத்தானை அழுத்துங்கால் அவ்வுழைப்பின் பலன் கைமேல் கிட்டும்.