நாயுண்ணியும் அதனை அகற்றும் முறையும்

நாயின் காதோரத்திலோ கால்விரல்களின் இடுக்கிலோ ஆமணக்கு விதையைப் போன்ற சாம்பல் நிற மணி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணாதவர் சிலரே. பலர் அதனை மரு என்று கருதி விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் விரலால் பிய்த்தெடுத்து நகத்தால் நசுக்குகின்றனர். இவ்விரண்டும் தவறு. அந்த மணி, குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணியாகும். லத்தீன் மொழியில் உண்ணியும் ஆமணக்கும் ‘ரிசினஸ்’ என்னும் ஒரே பெயரைப் பெற்றமைக்கு இவ்வுருவ ஒற்றுமையே காரணம்.

உண்ணியின் வாழ்க்கை

உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவினது. முட்டையினின்று வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்கள் உண்டு. அதற்குப் பின்வரும் இளம் பருவத்திலும் முதிர்ந்த பருவத்திலும் கால்கள் எட்டு. நம் நாட்டு வீடுகளில் நாய்களைப் பெரிதும் பற்றுவது பழுப்பு நாயுண்ணி என்னும் இனமாகும். இது மூன்று பருவங்களிலும் நாயின்மேல் ஏறிக் குருதி குடிக்கும். ஒவ்வொரு முறையும் வயிறு நிரம்பியதும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஒளிந்து, தோலுரித்து அடுத்த பருவத்தை எய்தும். இறுதியில் பெண் உண்ணி இவ்வாறே மறைவிடம் சேர்ந்து, 4,000 முட்டைகள் அளவிற்கு இட்டு மடியும். வெப்பமான காலத்தில் இச்சுழற்சி முழுவதும் இரண்டு, மூன்று மாதங்களில் நிறைவு பெறக்கூடும். இரை கிடையாவிடினும் முதிர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் உயிர் தாங்க வல்லது.

இதனால் விளங்குவது யாதெனில், நாயின் உடலில் நாம் காணும் உண்ணிகள் மொத்தத்தில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி மறைந்துள்ளன. நாயை மட்டும் துப்புரவு செய்துவிட்டு இடத்தை மறந்தால் உழைப்பு வீணாகும்.

விளையும் தீமை

உண்ணி குருதியை உறிஞ்சுவதோடு நில்லாது, தன் உமிழ்நீர் வழியே நோய்க்கிருமிகளையும் செலுத்துகிறது. பபேசியா என்னும் ஓரணு உயிர் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். எர்லிக்கியா என்னும் நுண்கிருமி வெள்ளணுக்களைத் தாக்கும். காய்ச்சல், உணவில் வெறுப்பு, ஈறு வெளுத்தல், சில வேளைகளில் மூக்கினின்று குருதி வடிதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் கால்நடை மருத்துவரை அணுகாவிடில் நாய் இறக்கவும் நேரிடும். மனிதருக்கும் நாயுண்ணியால் உண்ணிக்காய்ச்சல் உண்டாகலாம். கடியுண்ட சில நாட்களில் காய்ச்சலும் தடிப்பும் தோன்றுமாயின், உண்ணி கடித்த செய்தியை மருத்துவரிடம் தவறாமல் கூறவேண்டும். அச்செய்தி அறியப்படாவிடில் இக்காய்ச்சலை வேறொன்றாகக் கருதிச் சிகிச்சை தாமதமாவது எளிது.

அகற்றும் முறை

1. கையுறை அணிந்து, மயிரை விலக்கி, நுனி கூரிய இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிய இடத்தில், அதன் வாய்ப்பகுதியில் பற்றவேண்டும். பருத்த வயிற்றைப் பிடித்தல் ஆகாது. வயிறு அழுந்தினால் உள்ளிருக்கும் நீர் காயத்தினுள் புகக்கூடும்.

2. முறுக்காமலும் வெடுக்கென இழுக்காமலும், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்கவேண்டும்.

3. வாய்ப்பகுதி தோலில் தங்கிவிடின், எளிதில் எடுக்கக்கூடுமாயின் எடுக்கலாம். இன்றேல் தோண்டாமல் விடுவதே நன்று. தோல் தானே அதனை வெளித்தள்ளும்.

4. எடுத்த உண்ணியை நசுக்காமல், சாராவி நிறைந்த சிறு புட்டியில் இட்டு மூடவேண்டும். கடிவாயையும் கைகளையும் சோப்பு நீரால் கழுவவேண்டும்.

மண்ணெண்ணெய் தடவுதல், நெருப்பால் சுடுதல், சுண்ணாம்பு பூசுதல் ஆகியவற்றை அறவே தவிர்க்கவேண்டும். இவை நாயின் தோலைப் புண்ணாக்குவதுடன், உண்ணியைத் துன்புறுத்தி மேலும் உமிழ்நீரைக் கக்கச் செய்யவும் கூடும்.

தடுக்கும் வழி

நாயை நாள்தோறும் காது, கழுத்து, அக்குள், விரலிடுக்கு என்னும் முறையில் தடவிப் பார்த்தல் முதற்கடமை. சில கிருமிகள் நாயின் உடலிற் புக ஒரு நாளுக்கு மேலாகும். வேறு சில, சில மணி நேரத்திலேயே புகும். ஆகவே எவ்வளவு விரைவில் உண்ணி அகற்றப்படுகிறதோ அவ்வளவு நன்மை. படுக்கை விரிப்பைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்க. உண்ணி மேல்நோக்கி ஏறும் இயல்புடையதாதலின், சுவரின் மேற்பகுதியையும் நோக்குதல் வேண்டும்.

முன்னாளில் வழங்கிய காமக்சேன் தூள் 1997ஆம் ஆண்டில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு எங்கேனும் கிடைத்தாலும் அதனைத் தொடலாகாது. இக்கால மருந்துகளையும் கால்நடை மருத்துவர் கூறும் அளவிலேயே இடவேண்டும். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சாகும் என்பதை நினைவிற் கொள்க.

காட்டில் பணிபுரிவோருக்கு

1957ஆம் ஆண்டில், அப்போதைய மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா மாவட்டத்திலுள்ள கியாசனூர்க் காட்டில் குரங்குகள் பல மடிந்தன; அருகிலிருந்த சிற்றூர் மக்களும் கடுங்காய்ச்சலுற்றனர். புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, அந்நோயின் வைரஸைக் காட்டு உண்ணி பரப்புவதைக் கண்டறிந்தனர். அவ்வுண்ணி நாயுண்ணியினின்று வேறான இனம். நோய் பின்னர் கேரளம், தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களிலும் காணப்பட்டுள்ளது.

ஆதலின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில், சிறப்பாக மழை நீங்கிய உலர் மாதங்களில் செல்வோர், முழுக்கைச் சட்டை அணிந்து, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகவேண்டும். குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘டெப்பா’ எண்ணெயைப் பூசிக்கொள்ளுதல் நலம். திரும்பியதும் குளித்து, தம் உடலையும் உடன் வந்த நாயையும் சோதித்தல் இன்றியமையாதது. இறந்த குரங்கைத் தொடாமல் உடனே சுகாதாரத் துறையினருக்கு அறிவிக்கவேண்டும்.

வகுப்பிற்கான பயிற்சி

உண்ணியின் பருவங்களை மாணவர் வட்டமாக வரைந்து, அது நாயின்மேல் இருக்கும் காலத்தை ஒரு நிறத்தாலும், தரையிலும் சுவரிலும் கழிக்கும் காலத்தை மற்றொரு நிறத்தாலும் குறிக்கட்டும். பின்னர் தத்தம் வீட்டில் நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள வெடிப்புகளை எண்ணி வரட்டும். உயிருள்ள உண்ணியைக் கையாளுதல் மாணவருக்கு உரியதன்று. படத்தையும் எண்ணிக்கையையும் ஒப்பிடும் மாணவன், நாயைப் பார்ப்பது போன்றே சுவரையும் பார்க்கவேண்டுமென்பதைத் தானே உணர்வான்.