சீனி வருத்தக்காரரும் ஐஸ்கிறீமும்

வைகாசி வெயிலில் ஐஸ்கிறீம் வானின் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள். ஆச்சியோ, "எனக்குச் சீனி வருத்தம், வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு, ஒருவரும் பார்க்காத வேளையில் பேரன் மிச்சம்விட்ட ஐஸ்பழம் அவர் கைக்குப் போய்விடும். நாம் பல வீடுகளில் கண்ட காட்சி இது. ஒளித்துச் சாப்பிடுவதைவிட அளவறிந்து சாப்பிடுவது நல்லதல்லவா?

குளிர் எமது நாக்கின் இனிப்பு உணர்வைக் குறைத்துவிடுகிறது. ஆகவே குளிர்ப்பண்டங்களுக்குச் சீனி கூடுதலாகவே போடுகிறார்கள். உருகிய ஐஸ்கிறீமைச் சுவைத்துப் பார்த்தால் இது விளங்கும்; தெவிட்டும்.

ஐஸ்பழம் பெரும்பாலும் நிறமூட்டிய சீனித்தண்ணீர்தான். வெறுவயிற்றில் சாப்பிட்டால் அதன் சீனி விரைவாக இரத்தத்தில் சேரும். பாலில் செய்த ஐஸ்கிறீமில் கொழுப்பு இருப்பதால் இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கும். சீனியும் சற்றுத் தாமதித்தே ஏறும். அதற்காக அதை நல்லுணவென்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கொழுப்பு இதயத்துக்கு உகந்ததல்ல.

சாதாரண வனிலா ஐஸ்கிறீம் அரைக் கோப்பையில், அதாவது ஏறக்குறைய 65 கிறாமில், மாப்பொருள் 15 கிறாம் அளவில் உண்டு. மூன்றிலொரு கோப்பைச் சோற்றிலும் ஏறக்குறைய இவ்வளவுதான். எனவே அன்றைய மத்தியானச் சோற்றில் அந்த அளவைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் மீனையும் வழமைபோல் சாப்பிட்டு, உடனே ஐஸ்கிறீமைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளலாம். பின்னர் கால்மணி நேரம் நடப்பது நல்லது. சோதிக்கும் கருவி உள்ளவர்கள் இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்கட்டும். 180 மில்லிகிறாமுக்கு மேல் நின்றால் அடுத்த முறை இன்னும் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்கு டொக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சிலர் ஐஸ்கிறீமுக்காக ஒருவேளைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இது ஆபத்து. சீனி மட்டம் விழுந்து நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரலாம். அந்த நேரத்தில் ஐஸ்கிறீம் உதவாது. அதன் கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பனங்கட்டி போட்டுச் செய்தால் பாதகமில்லை என்பாரும் உளர். பனங்கட்டியும் சீனிதான். 'சீனி சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்ட பெட்டியிலும் பாலின் இயற்கைச் சீனி இருக்கும். சிலவற்றில் சேர்க்கும் சோபிற்றோல், மல்ற்றிற்றோல் போன்றவை கூடினால் வயிறு ஊதும், வயிற்றாலும் போகும்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். சீனி போடாத கட்டித்தயிர் அரைக் கோப்பை, நன்கு பழுத்த சிறிய கதலிப்பழம் ஒன்று, ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள். பழத்தை மசித்துத் தயிருடன் அடித்து உறைய வையுங்கள். அரைமணிக்கொருமுறை கரண்டியால் கிளறினால் கல்லாகாது. இது ஒருவருக்குரிய பங்கு. இதற்கும் சோற்றைக் குறைக்கத்தான் வேண்டும்.